வாட்டர் பம்ப்பின் அடியில் ஏன் ஒரு துளை?

பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் டிராக்டர்களுக்கு ஓய்வே கிடையாது. நடவுக்கு முன் சேற்றில் உழும் தொளி உழவில், மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் முழுப் பாரத்தோடு சுற்றும், வண்டியோ ஆமை வேகத்தில் நகரும். சேறும் தூசியும் ரேடியேட்டர் முகத்தில் அப்பிக்கொள்ளும். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். அது ஒழுகத் தொடங்கியிருந்தால் மாட்டிக்கொள்வது இந்த நாட்களில்தான்.

பம்ப் உடம்பின் அடிப்பக்கத்தில் பென்சில் பருமனுக்கு ஒரு துளை இருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்ததும் எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். பம்ப்புக்குச் செய்யும் பெரிய கேடு இதுதான். அந்தத் துளை ஓட்டை விழுந்து வந்ததல்ல. பம்ப்பை வார்க்கும்போதே வேண்டுமென்று விட்டது.

பம்ப் ஷாஃப்ட்டின் ஒரு முனையில் ஃபேன் புல்லி, மறுமுனையில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், நடுவில் பேரிங். பேரிங்குக்குத் தண்ணீர் ஆகாது. அதனால் இரண்டுக்கும் இடையே ஒரு சீல். அதில் கார்பன் வளையம் ஒன்று, செராமிக் வளையம் ஒன்று. ஒன்று அசையாமல் நிற்கும், மற்றது ஷாஃப்ட்டோடு சுற்றும். ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்து அழுத்தும். கண்ணாடி போல இழைத்த அந்த இரு முகங்களுக்கும் நடுவில் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். முகங்கள் உரசித் தேயாமல் காப்பது அந்தப் படலம்தான். அதில் ஒரு துளி ஆவி எப்போதும் இந்தப் பக்கம் கசியும். அது பேரிங்கைத் தொடாமல் வெளியேறத்தான் துளை. எனவே துளையைச் சுற்றி உலர்ந்த கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். விடாமல் சொட்டினால் சீல் போய்விட்டது. அப்போதும் துளையை அடைத்தால் தண்ணீர் பேரிங்கில் ஏறி கிரீஸைக் கழுவிவிடும். துருப்பிடித்த ஷாஃப்ட் ஆடத் தொடங்கி, கடைசியில் ஃபேன் இறக்கை ரேடியேட்டரையே கிழிக்கும்.

சீல் ஏன் கெடுகிறது? முதல் குற்றவாளி ரேடியேட்டரில் ஊற்றும் போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறினால் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படியும். வெந்நீர்ப் பானையின் அடியில் பிடிக்கும் அதே வெள்ளைப் பொருக்குதான். அதன் துகள் சீல் முகத்தில் சிக்கினால் கார்பனைக் கீறிவிடும். சிலிண்டரைச் சுற்றிப் படிந்தால் சூடு தண்ணீருக்கே போகாது. வார்ப்பிரும்பு கடத்தும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அந்தப் படிவு கடத்தாது. தண்ணீர் இல்லாமல் ஓட்டுவதும், கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் செராமிக் வளையத்தை வெடிக்க வைக்கும். சிலிண்டர் ஹெட்டுக்கும் அதே கதிதான். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் முதலில் போகும், சீல் பின்னாலேயே போகும்.

கழற்றும் முன் ஒழுகல் எங்கே என்று உறுதி செய்யுங்கள். மேல் ஹோஸ் கிளாம்ப்பில் கசிந்த தண்ணீரும் ஃபேன் காற்றில் பறந்து பம்ப் மேல்தான் படும். ஆறிய இன்ஜினைத் துடைத்துக் காயவிட்டு, ஸ்டார்ட் செய்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு நிறுத்திவிட்டு ஃபேனை மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கும் போய்விட்டது. வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது, ஆயில் பால் கலந்தது போல இருக்கிறது என்றால் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். பம்ப்பை மாற்றிப் பயனில்லை.

சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. 0.9 பார் மூடி உள்ளே அழுத்தம் கட்டிவைப்பதால் தண்ணீர் சுமார் 118 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

ஆறியபின் தண்ணீரை வாளியில் இறக்குங்கள். ரேடியேட்டர் தண்ணீரில் சேர்க்கும் திரவமான கூலன்ட் கலந்திருந்தால் வரப்பில் கொட்டாதீர்கள். இனிப்புச் சுவை உள்ள விஷம் அது, ஆடு மாடு நக்கிவிடும். பெல்ட், ஃபேன், பம்ப் என்ற வரிசையில் கழற்றுங்கள். புதுச் சீலை அழுத்தும்போது அதன் வெளி விளிம்பில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும், அளவான குழாய்த் துண்டு ஒன்று போதும். முகங்களில் விரலோ கிரீஸோ படக் கூடாது. பழைய கேஸ்கட் ஒட்டியிருந்தால் முழுவதும் சுரண்டி எடுங்கள். போல்ட்களை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் சீராக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் மறுபக்கம் கசியும். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்க வேண்டும்.

கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து மெதுவாக ஊற்றுங்கள். மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓட்டுங்கள். சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை காற்றுக் குமிழ்கள் வந்துகொண்டே இருக்கும். அவை நின்றதும் அளவைச் சரிசெய்து மூடுங்கள். முதல் நாள் உழவு முடிந்து இன்ஜின் ஆறியதும் மறுபடி பார்த்தால் சற்று இறங்கியிருக்கும், நிரப்பிக்கொள்ளலாம். தொளி உழவில் சேறும் அந்தத் துளையை அடைக்கும். வண்டி கழுவும்போதெல்லாம் ஈர்க்குச்சி விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.