வீட்டில் விஸ்கி விருந்து என்றால், முதலில் சாப்பாடு

அதிகாலை நாலரை மணிக்கு அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை போடுபவர். முந்தைய இரவு நண்பர் வீட்டில் விஸ்கி டேஸ்டிங். நாலு வகை பாட்டில், தொட்டுக்கொள்ள மிக்சர், வறுத்த முந்திரி, கொஞ்சம் சிக்கன். பத்தரை மணிக்கு சோபாவில் சாய்ந்தவரை, "நல்ல போதை, தூங்கட்டும் விடுங்க" என்று போர்வை போர்த்திவிட்டார்கள். விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்த ஒருவர் தற்செயலாகத் தொட்டுப் பார்த்தபோது உடம்பெல்லாம் வியர்வை. எங்களிடம் வந்தபோது ரத்தச் சர்க்கரை 34. நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினோம், சில நிமிடங்களில் கண் திறந்தார். மாத்திரையின் வீரியம் மிச்சமிருந்ததால் சர்க்கரை மறுபடி இறங்கக்கூடும் என்று ஒரு நாள் முழுக்க வைத்திருந்தோம்.

அவர் குடித்தது இரண்டு லார்ஜுக்கு (ஒரு லார்ஜ் 60 மில்லி) மேல் இல்லை. கொறித்ததோடு நிறுத்தி, இரவுச் சாப்பாடு சாப்பிடாததுதான் பிரச்சினை.

வயிறு காலியாக இருக்கும்போது கல்லீரல்தான் ரத்தத்துக்குச் சர்க்கரையை அனுப்புகிறது. மது உள்ளே போனதும் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் அதன் வேலை தடைப்படுகிறது. கூடவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் அளவு இறங்கிக்கொண்டே போகும், பல மணி நேரம் கழித்தும் இறங்கும். நாக்குக் குழறல், தள்ளாட்டம், வியர்வை, மயக்கம் எல்லாமே பார்ப்பவருக்குப் போதை மாதிரிதான் தெரியும். அதனால்தான் யாரும் எழுப்பிப் பார்ப்பதில்லை.

குடிக்காமல் இருப்பதே நல்லது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் இரண்டு சிங்கிள் மால்ட் வாங்கி வருவார், வீட்டில் விருந்து கூடும் என்பது எனக்குத் தெரியும். நான் எழுதுவது அந்த விருந்தை நடத்தும் வீட்டுக்காரருக்காக. பாரில் அளந்து ஊற்றவும், போதும் என்று நிறுத்தவும் ஓர் ஆள் இருப்பார். வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான்.

முதலில் அளவு. நம் ஊர் விஸ்கியில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால். 30 மில்லியில் சுமார் 10 கிராம் தூய ஆல்கஹால் இருக்கும், அதைக் கரைக்கக் கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் வரும் 'காஸ்க் ஸ்ட்ரெங்த்' வகை 60 சதவீதம்கூட இருக்கும். அதே 30 மில்லியில் 14 கிராம். கண்ணளவில் ஊற்றினால் இந்தக் கணக்கெல்லாம் போயிற்று. ஒரு பெக் அளவி வாங்கி வைத்து, ருசி பார்க்க 15 மில்லி மட்டும் ஊற்றுங்கள். நாலு வகை பார்த்தாலும் 60 மில்லிதான். வாய் குறுகிய கிளாஸில் மெல்ல மோந்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பாருங்கள். விஸ்கியின் ருசியில் பெரும்பங்கு மூக்கில்தான் இருக்கிறது, அதற்கு 15 மில்லி தாராளம்.

அப்புறம் தட்டு. மது சிறுகுடலில்தான் வேகமாக ரத்தத்தில் சேரும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது குடலுக்குப் போய்ச் சேர நேரமாகும். நம் வழக்கமோ தலைகீழ். எட்டு மணிக்கு சைட் டிஷ்ஷோடு ஆரம்பித்து, பதினொரு மணிக்குச் சாப்பாடு. அதற்குள் பாதிப் பேர் "எனக்கு வேண்டாம்" என்று படுத்துவிடுவார்கள். ஏழரைக்கே இட்லியோ சப்பாத்தியோ சோறோ போட்டுவிடுங்கள். பிறகு பாட்டிலைத் திறக்கலாம்.

மிக்சரும் ஊறுகாயும் உப்பு. தாகம் எடுக்கும், தாகத்துக்குக் கை போவது கிளாஸுக்குத்தான். மிளகாய்க் காரமும் பொருந்தாது. மிளகாய் எரிச்சலை உணரும் அதே நரம்பு முனைகளைத்தான் மதுவும் தூண்டுகிறது. பள்ளிப்பாளையம் சிக்கனைக் கடித்துவிட்டு நல்ல மால்ட்டைக் குடித்தால் வாய் எரியும், விஸ்கி தெரியாது. புகை மணம் தூக்கலாக இருக்கும், ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிக்கு லேசாக மிளகு தூவிச் சுட்ட வஞ்சிரம் அருமை. ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியதற்குப் பேரீச்சையும் உப்பில்லாத பாதாமும். வெனிலா வாசம் தரும் பூர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாய் வகைக்குத் தேங்காய்ப்பாலோடு ஆப்பம். இதில் வயிறும் நிறையும் என்பதால் எனக்கு இதுதான் முதல் பரிந்துரை. ஆள் ஒருவருக்கு ஒரு பாட்டில் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இறைச்சியை எலும்பில்லாமல் சின்னதாக நறுக்குங்கள். போதையில் தொண்டையின் உணர்வு மழுங்கும், பெரிய துண்டு மூச்சுக்குழாயை அடைத்துவிடும். யாராவது திடீரெனப் பேச முடியாமல் கழுத்தைப் பிடித்தால் தண்ணீர் கொடுக்க வேண்டாம். முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்யுங்கள், ஒருவர் 108-ஐ அழைக்கட்டும்.

விருந்துக்கு அழைக்கும்போதே போனில், ஒவ்வொருவரிடமும் தனியாக, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் அல்பிரசோலம், குளோனாசிபாம், வலிக்கு டிரமடால் போடுபவருக்கு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடும். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் சாப்பிடுபவரும் தொடக்கூடாது. குடிப்பழக்கத்தை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர் காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்றுதான் சொல்வார். அவரிடம் "ஒரே ஒரு ரவுண்டு" என்று வற்புறுத்துவது உயிரோடு விளையாடுவது.

வண்டிச் சாவியை வந்தவுடனே வாங்கி வைத்துவிடுங்கள். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் எல்லை. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு லார்ஜிலேயே அதைத் தாண்டலாம். காபி, எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் ரத்தத்திலுள்ள மதுவைக் குறைக்காது.

மயங்கியவரை மல்லாக்கப் படுக்கவைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாது. நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவாக இருந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, தட்டி எழுப்பியும் அசையாவிட்டாலோ காத்திருக்காமல் 108.

சர்க்கரை நோயாளி உங்கள் வீட்டில் தங்கினால் படுக்கும் முன்பு ஒருமுறை, அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து ஒருமுறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே போய், அவர் விழித்திருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். எழுப்ப முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ்காரரிடம் முதல் வார்த்தையாகச் "சர்க்கரை நோயாளி" என்று சொல்லுங்கள், குடித்திருக்கிறார் என்பதை அதற்கு அடுத்துச் சொல்லுங்கள்.