கடைசி வசனம் என்று ஒன்று கிடையாது

தமிழ்ப் படங்களில் பேசாமல் செத்துப்போகிறவர்கள் மிகக் குறைவு. தங்கையின் கையை மாப்பிள்ளையிடம் பிடித்துக் கொடுத்து, மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேட்டு, இத்தனை வருடம் மறைத்த ரகசியத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் தலை சாயும். அந்தக் காட்சிகளுக்கு அழுது வளர்ந்தவள்தான் நானும். 1961-இல் வந்த ‘பாசமலர்’ இன்றைக்கு ஓடினாலும், அண்ணனும் தங்கையும் ஒன்றாகப் போய்ச் சேரும் அந்த முடிவில் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். கதைக்கு அது தேவை. ஆனால் அப்படி ஒரு காட்சி தங்கள் வீட்டிலும் வரும் என்று காத்திருந்து ஏமாந்து போகிற பிள்ளைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நான் கோலாலம்பூரில் ஹாஸ்பிஸ் தாதி. புற்றுநோயோ இதயமோ சிறுநீரகமோ, இனி குணப்படுத்த வழியில்லை என்று ஆனவர்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்ப்பது என் வேலை. வலியைக் குறைப்பது, மூச்சுத் திணறலுக்கு மருந்து பார்ப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பது. செந்தூல், கெப்போங், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நம்மவர்கள் வீட்டில் எனக்கு ‘மிஸ்ஸி’ என்றுதான் பெயர். இங்கே சொல்கிற ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

நிஜத்தில் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்கப் பலருக்கும் பயம். கேட்காமல் இருந்தால் பயம் இன்னும் கூடும். முற்றிய நோயில் கடைசி நாட்கள் பெரும்பாலும் தூக்கத்திலேயே கழியும். சாப்பாடு குறையும், அப்புறம் தண்ணீரும் குறையும். கூப்பிட்டால் கண் திறந்து பார்த்தவர், ஒரு கட்டத்தில் அதுவும் செய்ய மாட்டார். மூச்சு வேகமாக ஓடும், சில வினாடி நிற்கும், மறுபடி தொடங்கும். தொண்டையில் சளி சேர்ந்து கரகரவென்று சத்தம் வரும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது ஈரக்குலையை உலுக்கும். படுத்திருப்பவர் பெரும்பாலும் அதை உணரும் நிலையில் இருப்பதில்லை. மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தால் சத்தம் கொஞ்சம் அடங்கும். கை கால் சில்லிட்டுப் போகும், முழங்காலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். இப்படிச் சில மணி நேரமும் போகலாம், சில நாளும் போகலாம்.

இதில் வசனத்துக்கு இடமே இல்லை. பேச்சு உயிருக்கு முன்னாலேயே போய்விடுகிறது. காது கேட்பது கடைசி வரை இருக்கக்கூடும் என்பதால், பேசுங்கள், பிடித்த பாட்டைப் போடுங்கள் என்று வீட்டாரிடம் சொல்வோம். ஆனால் பதில் வராது. ஜொகூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ இரவோடு இரவாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, “அப்பா கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா மிஸ்ஸி?” என்று கேட்கிற மகனிடம் என்ன சொல்வது?

சொல்லாமல் விட்டதெல்லாம் பிறகு பத்திரிகையில் வரும். நம் நாளிதழ்களில் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். எங்களை ஆளாக்கிய தெய்வமே, உங்கள் சிரிப்பைத் தேடுகிறோம் அப்பா என்று பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் வரிசையாகப் போட்டு எழுதியிருப்பார்கள். அத்தனையும் உண்மையான அன்பு. அதில் ஒரு வரியை அவர் கட்டிலில் சாய்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லியிருக்கலாமே என்றுதான் எனக்கு அடித்துக்கொள்ளும்.

ஏன் சொல்வதில்லை? சொன்னால் அவருக்கு நோய் இருப்பது தெரிந்துவிடும் என்ற பயம். மறைப்பதுதான் அன்பு என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ இரண்டும் 1982-இல் வந்தவை. இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய். இரண்டிலும் காதலியிடம் அதைச் சொல்லாமல் அவளைத் தன்னிடமிருந்து விலக்கப் பார்க்கிறான். தியேட்டரே அழுதது. அந்தத் தலைமுறைதான் இன்று அறுபது, எழுபது வயதில் என் நோயாளிகளாகவும் நோயாளிகளின் துணைகளாகவும் இருக்கிறார்கள். படம் பார்த்துத்தான் மறைக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. மறைப்பதை ஒரு தியாகமாகப் பார்க்க அந்தக் கதைகள் பழக்கிவிட்டன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு வீடு. கணையப் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. நான் போவதற்கு முன்பே மகளிடமிருந்து வாட்ஸ்அப்: “மிஸ்ஸி, யூனிஃபார்ம் போடாம வாங்க. அப்பாகிட்ட வைட்டமின் ஊசி போட வந்திருக்கீங்கன்னு சொல்லியிருக்கோம்.” வாசல் கேட்டிலேயே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவருக்கு வெறும் அல்சர்தான்னு சொல்லி வச்சிருக்கோம்மா. தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாரு.” சரி என்று உள்ளே போனேன். பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் கேட்காததை நானாகப் போட்டு உடைக்கவும் மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அம்மா தேநீர் கலக்கப் போனார். அந்த ஐயா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையணைக்கு அடியிலிருந்து காகிதங்கள் வைக்கும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தார். “எனக்கு என்னன்னு தெரியும்மா. எங்க அண்ணன் போனதும் இப்படித்தான், கண்ணு மஞ்சளாகி. இவங்ககிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க.” ஃபைலுக்குள் சேமநிதிக் கடிதம், காப்புறுதிப் பத்திரம், அதற்கு அடியில் நாலாக மடித்த ஓர் அடகுக்கடை ரசீது. மனைவியின் சங்கிலி. சின்ன மகன் காலேஜுக்குக் கட்டணம் கட்ட வைத்தது. தவணை தாண்டினால் நகை மூழ்கிவிடும். அதை மீட்க யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அந்த மனிதர் இரவெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கிறார். தூக்கமில்லாததற்கு வலிதான் காரணம் என்று நினைத்து வீட்டார் எங்களிடம் மருந்தைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பக்கமும் தெரிந்திருக்கிறது, இரண்டு பக்கமும் மற்றவருக்காக நடிக்கிறது. இது என் வேலையில் ஏதோ ஒரு வீட்டில் நடக்கிற அதிசயம் இல்லை. அவர் சம்மதத்தோடு அடுத்த முறை எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தோம். “அப்பா, உங்க உடம்பைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?” என்று மகளையே கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். அவர் சொன்னார். எல்லோரும் அழுதார்கள். மனம் உடைந்து யாரும் சாகவில்லை. மூத்தவன் அந்த வாரமே சங்கிலியை மீட்டுக்கொண்டு வந்தான், அவரே மனைவியின் கழுத்தில் போட்டுவிட்டார். அப்புறம்தான் வீட்டில் எத்தனையோ வருடம் பேசாத தம்பி விஷயமெல்லாம் வெளியே வந்தது.

நோயாளி பேச வரும்போது நாம் வாயை அடைக்கிற காட்சியும் நம் சினிமாவில் இருக்கிறது. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) கிட்டத்தட்ட முழுக்க ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிற படம். படுக்கையில் இருக்கும் கணவன், தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ மறுமணம் செய்துகொள் என்று மனைவியிடம் சொல்கிறான். அவள் பதிலாகப் பாடுவதுதான் ‘சொன்னது நீதானா’. சுசீலா அம்மாவின் குரலில் அந்தப் பாட்டைக் கேட்டு உருகாதவர் உண்டா? நான் உருகியிருக்கிறேன். ஆனால் இப்போது பார்க்கும்போது என் கண் கணவனாக நடித்த முத்துராமனின் முகத்தில்தான் நிற்கிறது. தன் மனைவியின் நாளைய வாழ்க்கையை நினைத்து, எவ்வளவோ துணிச்சலைத் திரட்டி ஒரு மனிதன் பேச்சை எடுக்கிறான். அவளுடைய துக்கத்தில் அந்தப் பேச்சே முடிந்துபோகிறது. நம் வீடுகளில் பாட்டுக்குப் பதிலாக, “அப்படியெல்லாம் பேசாதீங்க, எல்லாம் சரியாயிடும்” என்கிறோம். அதற்குப் பிறகு அவர் இன்னொரு முறை எடுக்க மாட்டார்.

நம் பழைய இலக்கியத்தில் மரணப் பாட்டு என்றால் பெரும்பாலும் போனவரைப் பற்றிய பாட்டு. அதியமான் இறந்த பிறகு ஔவையார் பாடியது, பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடியது. சாகப்போகிறவனே உட்கார்ந்து ஏற்பாடு செய்கிற இடமும் புறநானூற்றில் இருக்கிறது, அதை நாம் இந்தக் கண்ணோடு படிப்பதில்லை. பெற்ற பிள்ளைகளோடு பகை முற்றிய கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல், உயிர்விடத் துணிகிறான். அவன் முடிவை நான் யாருக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் அவன் பேசியதைப் பாருங்கள். நேரில் பார்த்தே இராத நண்பர், புலவர் பிசிராந்தையார் கட்டாயம் வருவார், அவருக்கு என் பக்கத்தில் இடம் வையுங்கள் என்கிறான். கூட உயிர்விட வந்த புலவர் பொத்தியாரை, உனக்குப் பிள்ளை பிறந்த பிறகு வா என்று திருப்பி அனுப்புகிறான். யார் பக்கத்தில் இருக்க வேண்டும், யார் வீட்டுக்குப் போக வேண்டும், எல்லாம் அவன் வாயாலேயே, அவனுக்குப் பேச முடிகிறபோதே. சுகாதார அமைச்சின் 2019–2030 தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கை வந்த பிறகு, நோயாளியின் விருப்பத்தை முன்கூட்டியே கேட்டு எழுதி வைப்பதைப் பற்றி நாங்கள் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருக்கிறோம். சோழன் செய்ததும் அதுதான்.

இந்த மண்ணில் அப்படிப் பேச வாய்ப்பே கிடைக்காமல் போனவர்கள் ஏராளம். 1942-43-இல் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். நாலு நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அந்தப் பாதை ஓரத்தில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்களுக்கு வாய்க்கரிசி போட யாரும் இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் பார்த்துக்கொண்ட பாட்டி ஒருவரின் அப்பாவும் அப்படிப் போனவர்தான். அப்போது பாட்டிக்கு நாலு வயது. அந்தப் பாட்டி மறைத்துப் பேச யாரையும் விடவில்லை. “எங்கப்பாவுக்கு எந்தக் காட்டுல எது நடந்துச்சுன்னே தெரியல. எனக்கு எல்லாம் என் கண்ணு முன்னாலயே முடிவாகணும்” என்று பிள்ளைகளை வரச் சொல்லி, எந்தச் சேலை கட்டுவது, எந்த மகன் கொள்ளி வைப்பது, ஒரு வருடமாகப் பேசாத இரண்டு மருமகள்களும் எங்கே உட்கார வேண்டும் என்பது வரை சொல்லிவிட்டார். கடைசி வாரம் அவர் பேசவே இல்லை. வீட்டில் யாரும் தவித்ததாக எனக்குத் தெரியவில்லை, பாக்கி எதுவும் இருக்கவில்லை.

வாய்க்கரிசி என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாயை எரியூட்டும்போது “அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு” என்று கதறினார் பட்டினத்தார். ஊட்டி வளர்த்தவளுக்கு ஊட்டாமல் விடுவது நமக்கு ஆகாது. அதனாலேயே விழுங்க முடியாதவர் வாயில் கஞ்சியையும் பாலையும் ஊற்றிவிடுகிறார்கள். அது நுரையீரலுக்குள் போகும், இருமலும் மூச்சுத் திணறலும் வரும். சாப்பாடு நின்றதால் அவர் சாகவில்லை. உடம்பு மூடிக்கொண்டு வருவதால்தான் சாப்பாடு வேண்டாம் என்கிறது. ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள், உதட்டில் வாஸலின் தடவுங்கள். பேத்தி செய்தாலும் போதும், அதுவும் ஊட்டுவதுதான்.

மார்ஃபினுக்கும் இதே பயம். கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்பார்கள். வலிக்கு ஏற்ற அளவில் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து தருவோம். வலி தாளாமல் சுருண்டு கிடப்பவரிடம் எந்தக் குடும்பப் பேச்சும் நடக்காது. வலி அடங்கினால்தான் மனிதர் வாய் திறப்பார்.

ஹாஸ்பிஸ் என்றால் கடைசி வாரத்துக்கு என்று நினைக்காதீர்கள். இனி குணமாகாது என்று டாக்டர் சொன்ன அன்றே கேட்கலாம், சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கும்போதும் கேட்கலாம். ஹாஸ்பிஸ் மலேசியா 1991 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறது. பினாங்கிலும் ஜொகூரிலும் இது போன்ற அமைப்புகள் இருக்கின்றன, பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் இதற்கென்றே குழுக்கள் உண்டு. சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். வீட்டிலேயே உயிர் பிரிந்தால் அடக்க அனுமதிக்குப் போலீஸ் நிலையம் போக வேண்டியிருக்கும் என்பதால், மருத்துவக் கடிதங்கள், மருந்துப் பட்டியல், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். நாங்கள் முதல் நாள் வரும்போது வாசலில் தனியாகப் பேசக் கூப்பிடாதீர்கள். நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுங்கள், அவரோடு சேர்ந்தே பேசுவோம்.