ஏப்ரல் 14 எப்படி 13 ஆகிறது? தரவுத்தளத் தேதிகளைப் படிக்கும் நிரலர்களுக்கு

தரவுத்தளத்தில் சரியாக இருக்கும் தேதி திரைக்கு வரும்போது ஒரு நாள் பின்தங்கிவிடுகிறது என்ற புகார், மொரீசியஸில் மென்பொருள் பராமரிப்பவர்களுக்குப் புதியதல்ல. நமது கடிகாரம் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தைவிட 4 மணி நேரம் முன்னதாக ஓடுவதால், நள்ளிரவிலிருந்து அதிகாலை 4 மணி வரை நமக்குப் பிறந்துவிட்ட நாள் யூடிசியில் இன்னும் பிறந்திருக்காது. பெரும்பாலான பிழைகள் இந்த நான்கு மணி நேரத்துக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. அவை தரவைச் சேமிக்கும் இடத்தில் அல்லாமல், படிக்கும் இடத்தில் நுழைகின்றன என்பதே நான் இங்கு வலியுறுத்த விரும்புவது.

கோவில் ஒன்றின் அர்ச்சனைப் பதிவுச் செயலியை அண்மையில் பார்க்க நேர்ந்தது. பக்தர் ஒருவரின் பிறந்த தேதி, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ‘டேட்’ வகைப் புலத்தில் 1990-04-14 என்று பிழையின்றி இருந்தது. அதைப் படித்த, நோட் எனப்படும் சர்வர் ஜாவாஸ்கிரிப்ட் சூழலில் ஓடும் நிரலில் வழக்கமாகப் பயன்படும் டிரைவர் (நிரலைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் மென்பொருள்), தேதியைத் தேதியாகவே தராமல், அந்த நாளின் உள்ளூர் நள்ளிரவைக் குறிக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பொருளாக மாற்றித் தருகிறது. சர்வர் மொரீசியஸ் நேரத்தில் அமைக்கப்பட்டிருந்ததால், அந்த நள்ளிரவு யூடிசியில் முந்தைய நாள் இரவு 8 மணியாயிற்று. திரைக்கு அனுப்புவதற்காக ஜேசன் என்ற எழுத்து வடிவுக்கு மாறியபோது அது 1990-04-13, 20:00 என்று யூடிசி வடிவில் எழுதப்பட்டது. திரைக்கான நிரலோ அதன் முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டியது. ஒவ்வொரு படியையும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகவே தோன்றும். போதாக்குறைக்கு, யூடிசியில் ஓடும் கிளவுட் சர்வரில் இதே நிரல் 14 என்றே காட்டும் என்பதால், பிழையைத் தேடுகிறவர் நிரலை விட்டுவிட்டு, தட்டச்சு செய்தவர்மீது சந்தேகப்படத் தொடங்கிவிடுகிறார்.

பிறந்த தேதி என்பது காலத்தில் ஒரு கணம் அன்று. அது நாட்காட்டியில் ஒரு நாள், அதற்கு நேர வலயமே கிடையாது. எனவே ‘டேட்’ புலத்தை எழுத்துச்சரமாகவே தரும்படி நோட் டிரைவருக்குக் கட்டளையிடுவதுதான் சரியான தீர்வு. ஜாவாவில் 2014இல் எட்டாம் பதிப்புடன் வந்த ‘லோக்கல்டேட்’ வகையில் நேரடியாகப் படிக்கலாம். பழைய ‘கெட்டைம்ஸ்டாம்ப்’ செயற்கூறு வழியே படிக்கும் பழக்கத்தைப் புதிய நிரல்களிலாவது கைவிட வேண்டும். ஏனெனில், புலத்தில் நேர வலயம் குறிக்கப்படாதபோது, நிரல் ஓடும் கணினியின் இயல்பு வலயத்தை அது யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது.

பணம் செலுத்திய நொடி, உள்நுழைந்த நொடி போன்றவை வேறு இனம். அவை உண்மையான கணங்கள். போஸ்ட்கிரெஸில் நேர வலயத்துடன் கூடிய ‘டைம்ஸ்டாம்ப்’ வகை இவற்றுக்கு ஏற்றது. ஆனால் அது வலயத்தைச் சேமித்து வைப்பதாகப் பலர் நம்புவது தவறு. உள்ளே யூடிசி கணம் மட்டுமே இருக்கிறது, வெளியே வரும்போது, தரவுத்தளத்துடன் நிரல் கொண்டுள்ள இணைப்பின் வலய அமைப்புக்கு ஏற்ப அது எழுதப்படுகிறது. மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்திலும் ‘டைம்ஸ்டாம்ப்’ இவ்வாறே இணைப்பின் வலயத்துக்கு மாற்றப்படுகிறது. ‘டேட்டைம்’ மட்டும் எழுதியது எழுதியபடியே திரும்புகிறது. ஒரே அட்டவணையில் இரண்டு வகைகளும் கலந்திருந்தால், இணைப்பின் வலயத்தை ஒருவர் மாற்றிய மறுகணமே ஒரு புலம் நகரும், மற்றது நகராது. மைஎஸ்கியூஎல்லின் ‘டைம்ஸ்டாம்ப்’ 2038 ஜனவரி 19ஆம் நாள் நம் நேரப்படி காலை 7:14:07க்கு மேல் எதையும் ஏற்காது என்பதால், நீண்டகாலக் கடன் தவணைகளை அதில் வைப்பது கூடாது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, “எல்லாவற்றையும் யூடிசியில் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது” என்று சொல்பவர்கள் உண்டு. இந்தத் தீவின் வரலாறே அதற்கு மறுப்பு. 2008 அக்டோபர் 26 அன்று அதிகாலை 2 மணிக்கு மொரீசியஸ் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. 2009 மார்ச் 29 அன்று பழைய நிலைக்குத் திரும்பியது. அதன்பின் அந்தச் சோதனை தொடரவில்லை. அந்த ஏற்பாடு முடிவாவதற்கு முன்பே ஒரு மருத்துவமனைச் செயலி, நவம்பர் மாதத்துக் காலை 10 மணிச் சந்திப்பை யூடிசி 06:00 என்று மாற்றி வைத்திருந்ததாகக் கொள்வோம். புதிய விதியுடன் அதைப் படித்தால் 11 மணி என்று வரும். மருத்துவரோ சுவரிலுள்ள கடிகாரத்தைப் பார்த்து 10 மணிக்கே காத்திருப்பார். ஆகவே, நடந்து முடிந்த நிகழ்வை யூடிசியிலும், வரப்போகும் சந்திப்பை உள்ளூர் நேரமாக, ‘இந்தியன்/மொரீசியஸ்’ என்ற வலயப் பெயருடனும் வைப்பதே தக்கது. வெறும் +4 என்று நிரலில் எழுதிவைத்தவர்களுக்கு அந்த ஐந்து மாதப் பதிவுகள் அனைத்தும் ஒரு மணி நேரம் தவறாகவே படியும்.

பாரிஸ் வாடிக்கையாளர்களுக்காக நம் தகவல் தொழில்நுட்ப மையமான எபெனில் இருந்து வேலை செய்வோருக்கு இது ஆண்டுக்கு இரண்டு முறை வரும் சோதனை. பாரிஸுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் 3 மணி நேர இடைவெளி, கோடையில் 2 மணி நேரம். இடைவெளியை மாறிலியாக எழுதிய நிரல் மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் தவறாமல் பிசகும்.

அன்றாட வசூல் அறிக்கையிலும் இதே நான்கு மணி நேரம் வேலையைக் காட்டும். யூடிசி கணத்திலிருந்து தேதியை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட்டால், பின்னிரவு 1 மணிக்கு வந்த தொகை முந்தைய நாள் கணக்கில் சேர்ந்துவிடும். நம் ஒரு நாள் என்பது யூடிசியில் முந்தைய நாள் 20:00 மணியில் தொடங்கி, அந்த நாள் 20:00 மணிக்குச் சற்று முன் வரை நீள்வது. அந்த இரண்டு எல்லைகளையும் நிரல் கணக்கிட்டு, தொடக்கத்தைச் சேர்த்தும் முடிவைச் சேர்க்காமலும் வினவ வேண்டும். புலத்தின்மீது எந்தச் செயற்கூறும் ஓடாததால் தேடலை விரைவாக்கும் அட்டவணைச் சுட்டியும் (இண்டெக்ஸ்) பயன்படும்.

சோதிக்கும்போது கணினியின் வலயத்தை யாங்கோனுக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே யூடிசியைவிட 6 மணி 30 நிமிடம் முன்னதாக இருப்பதால், முழு மணிகளை நம்பி எழுதப்பட்ட எந்தக் கணக்கும் உடனே அகப்பட்டுவிடும். நியூயார்க் வலயத்தில் ஓட்டினால், யூடிசிக்குப் பின்னே இருக்கும் இடங்களில் தேதி ஒரு நாள் பின்வாங்குகிறதா என்பதும் தெரியும்.

எந்த வலயத்தில் எழுதப்பட்டது என்று எவருக்கும் நினைவில்லாத பழைய ‘டேட்டைம்’ புலம் கைக்கு வந்தால், உடனே மாற்றத் தொடங்க வேண்டாம். வெளிச்சான்று உள்ள வரிகளை, எடுத்துக்காட்டாக வங்கி ரசீதில் நேரம் அச்சாகியுள்ள பரிவர்த்தனைகளை, பல ஆண்டுகளிலிருந்து பொறுக்கி ஒப்பிடுங்கள். சர்வர் இடம் மாறிய காலத்துக்கு முன்னும் பின்னும் வேறுபாடு ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்த்த பிறகே, ஒவ்வொரு காலப்பகுதிக்கும் தனித்தனியாக மாற்றத்தை எழுதுங்கள். பழைய புலத்தை அழிக்காமல், புதிய புலம் ஒன்றை அதன் அருகில் சேர்த்து, நிரல் அதிலிருந்து படிக்குமாறு செய்யுங்கள்.