உப்புக்காற்றில் இரும்பு: ஒரு யன்னல் கிறில் துருப்பிடிப்பது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோர வீதியான மரைன் டிரைவைப் பார்த்திருக்கும் யன்னல் கிறிலையும், அதே ஒழுங்கையில் காலி வீதிப் பக்கமாக உள்ள ஒரு கிறிலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பி ஒரே தரம், பெயின்றும் ஒரே பெயின்றாக இருக்கலாம். ஆனால் கடற்பக்கத்துக் கிறிலில் ஒட்டுப்போட்ட மூலைகள் பொருமியிருக்கும், பெயின்ற் கொப்புளித்திருக்கும், கீழே சுவரில் பழுப்புக் கோடு இறங்கியிருக்கும். நடுவில் உள்ள தூரம் சில நூறு மீற்றர்தான். "உப்புக்காத்து அரிச்சுப்போட்டுது" என்று சொல்லிவிட்டுப் பெயின்ற்காரரைக் கூப்பிடுவது வழக்கம். உண்மையில் அந்தத் துருவைச் சுரண்டிப் பகுத்துப் பார்த்தால் அதில் பெரும்பங்கு இரும்பு, ஒட்சிசன், தண்ணீர் ஆகிய மூன்றுதான். உப்பு கொஞ்சமாகவே அகப்படும். இரும்புக்கும் ஒட்சிசனுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலில் உப்புக்கு வேலை தரகு மட்டுமே.

அந்தத் தரகர் முதலில் ஈரமாக வேண்டும். காய்ந்த உப்புத்தூள் இரும்பின் மேல் கிடந்தால் பெரிதாக எதுவும் நடக்காது. காற்றின் சாரீரப்பதன், அதாவது அது தாங்கக்கூடிய நீராவியில் இருக்கும் பங்கு, ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைட்டு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். இங்கே உப்பே தண்ணீர் குடிக்கிறது. கடல்நீர்த் திவலையில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது இன்னும் பேராசைக்காரன், 33 சதவீத ஈரப்பதனிலேயே கசியத் தொடங்கிவிடும். கொழும்பில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதன் 75ஐத் தாண்டுகிறது. எனவே மழையே பெய்யாவிட்டாலும் கடலோரக் கிறிலின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். சமையலறை உப்புப் போத்தலுக்குள் நாலு அரிசி போட்டு வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இனி அணுவுக்கு வருவோம். இரும்பின் அணுவெண் 26. கருவில் 26 புரோத்தன்கள். அவற்றைச் சுற்றி இலத்திரன்கள் 2, 8, 14, 2 என்ற ஒழுங்கில் அமைந்திருக்கின்றன. வெளியிலுள்ள அந்த இரண்டும் தளர்வானவை, கேட்டால் கொடுத்துவிடும். ஒட்சிசனின் அணுவெண் 8, இலத்திரன்கள் 2, 6. வெளி ஓட்டை நிரப்ப அதற்கு இரண்டு குறைகிறது. ஒருவரிடம் கொடுக்க இரண்டு, மற்றவருக்குத் தேவை இரண்டு. ஆனால் காய்ந்த காற்றில் இந்தக் கைமாற்று மேற்பரப்போடு நின்றுவிடும். இலத்திரன் உலோகத்துக்குள் ஓடும், தண்ணீருக்குள் தனியாக ஓடாது. அயன்கள் தண்ணீருக்குள் நகரும், உலோகத்துக்குள் நகரா. இரண்டு பாதையும் இணைந்தால்தான் சுற்று முடியும். இலத்திரனை வாங்கும் நாட்டத்தை வோல்ற்றில் சொல்லும் நியம மின்வாய் அழுத்தத்தில் இரும்பு −0.44 வோல்ற்று, தண்ணீரில் கரைந்த ஒட்சிசன் ஐதரொட்சைட்டு அயனாக மாறும் தாக்கம் +0.40 வோல்ற்று. வித்தியாசம் 0.84 வோல்ற்று, அதாவது ஒரு ரோச் பற்றரியின் அரைப்பங்குக்குச் சற்று மேல். கிறிலில் உள்ள ஒவ்வொரு ஈரப்பொட்டும் குறுக்குச்சுற்றான ஒரு குட்டிப் பற்றரி. தூய மழைநீரில் அது மந்தமாக ஓடும். உப்பு சேர்ந்தால் நீரின் மின்தடை விழுந்து வேகமாக ஓடும். ஒரு அம்பியர் மின்னோட்டம் ஒரு மணித்தியாலம் ஓடினால் கரையும் இரும்பு 1.04 கிராம். இந்தப் பற்றரிகளின் மின்னோட்டம் மிகச் சிறியதுதான். ஆனால் அவற்றை நிறுத்த ஆளில்லை.

யார் கொடுப்பார், யார் வாங்குவார் என்பதை ஆவர்த்தன அட்டவணை பருமட்டாகச் சொல்லிவிடும். மெண்டலீவ் 1869இல் அன்று தெரிந்திருந்த 63 மூலகங்களை அணுத்திணிவுப்படி அடுக்கினார். வரிசையின் உண்மையான அடிப்படை அணுவெண்தான் என்பதை 1913இல் மோஸ்லி எக்ஸ் கதிர்கள் மூலம் காட்டினார். இடப்பக்கத்தில் சோடியம், மக்னீசியம்: தாராளமாகக் கொடுப்பவை. வலப்பக்க மேல் மூலையில் ஒட்சிசன், புளோரீன்: விடாமல் பறிப்பவை. நடுவில் இருக்கும் இரும்பு, நாகம் (துத்தநாகம்), செம்பு வகையறாக்களை இடத்தை மட்டும் பார்த்து ஒழுங்குபடுத்த முடியாது; அங்கே, இலகுவில் கொடுப்பவரை மேலே வைத்து உலோகங்களை அடுக்கிய தாக்கவீதத் தொடர்தான் கைகொடுக்கும். மக்னீசியம் −2.37, அலுமினியம் −1.66, நாகம் −0.76, இரும்பு −0.44, வெள்ளீயம் −0.14, செம்பு +0.34, வெள்ளி +0.80, பொன் +1.50. பரீட்சைக்காக மாணவர்கள் பாட்டுக் கட்டி மனப்பாடம் செய்யும் வரிசை இது. வீட்டுப் பராமரிப்புக்கு இதைவிடப் பயனுள்ள அட்டவணை வேறில்லை. கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவும் கடலுக்குக் கிட்டத்தான் இருக்கிறது, அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் தங்கம் துருப்பிடிப்பதில்லை. பொன்னிடமிருந்து இலத்திரனைப் பறிக்கக் காற்றின் ஒட்சிசனால் இயலாது.

இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கண்ணால் பார்க்க ஒரு பாடசாலைப் பரிசோதனை உண்டு. 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 1.5 கிராம் ஏகார் போட்டுக் கொதிக்கவைத்துக் கரையுங்கள். நோன்பு காலத்தில் கடற்பாசி காய்ச்சப் பயன்படும் அதே பொருள்தான். 3 கிராம் உப்பு, 3 சதவீதப் பொற்றாசியம் பெரிசயனைட்டுக் கரைசல் 1 மில்லிலீற்றர், பினோத்தலின் காட்டி பத்துத் துளி சேர்க்கவும். பெத்திரிக் கிண்ணங்களில் நான்கு இரும்பாணிகளை வையுங்கள்: நேரானது ஒன்று, வளைத்தது ஒன்று, நடுவில் செம்புக் கம்பி சுற்றியது ஒன்று, நாகத் துண்டு இறுக்கிச் சுற்றியது ஒன்று. கைச்சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறிய கூழை ஆணி மூழ்க ஊற்றி, ஓர் இரவு அசைக்காமல் விடவும்.

இரும்பு கரையும் இடம் நீலமாகும், ஐதரொட்சைட்டு உண்டாகும் இடம் இளஞ்சிவப்பாகும். நேரான ஆணியில் தலையும் கூரும் நீலம், உடல் சிவப்பு. வளைத்த ஆணியில் வளைவும் நீலம், ஏனெனில் அடித்து வளைத்து முறுக்கிய இடத்தில் உலோகப் பளிங்குகள் குலைந்து, அங்குள்ள அணுக்கள் இலகுவில் விட்டுப்போகின்றன. செம்பு சுற்றிய ஆணி நெடுகிலும் நீலமாகும், செம்பைச் சுற்றிச் சிவப்பு. நாகம் சுற்றியதில் நீலமே வராது. நாகத்தைச் சுற்றி வெண்மையான வீழ்படிவு தோன்றும், ஆணியைச் சுற்றிச் சிவப்பு.

இந்தப் பரிசோதனை பிழைப்பது பெரும்பாலும் ஆணியால்தான். கடையில் வாங்கும் ஆணியில் எண்ணெய் இருக்கும், சிலவற்றில் நாகப்பூச்சும் இருக்கும். அரத்தாளால் மினுங்கும்வரை தேய்த்து, சவர்க்காரத்தால் கழுவி, துடைத்து வைக்காவிட்டால் எதுவும் நிறம் மாறாது. நாகத் துண்டு தளர்வாக இருந்தால் உலோகத் தொடுகை இல்லை, பாதுகாப்பும் இல்லை. பெரிசயனைட்டோடு அமிலம் எதையும் சேர்த்துச் சூடாக்கக் கூடாது. நச்சு வாயு வரும்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நீலமும் சிவப்பும் தனித்தனி இடங்களில் வருவதைத்தான். கிறிலில் நிற்கும் ஒரு உப்புநீர்த்துளியிலும் அதுவே நடக்கிறது. துளியின் ஓரத்துக்குக் காற்று கிட்டே, அங்கே ஒட்சிசன் தாராளம், அங்கே இலத்திரன் வாங்கப்படுகிறது. துளியின் நடுவில் ஒட்சிசன் பற்றாக்குறை, அங்கே இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பயனும் ஐதரொட்சைட்டும் இடைவழியில் சந்தித்து, மேலும் ஒட்சியேற்றப்பட்டு, பழுப்பு வளையமாகப் படிகின்றன. ஆக, துரு தெரியும் இடம் ஒன்று, பள்ளம் விழும் இடம் வேறு. ஒட்சிசன் குறைந்த இடம்தான் அரிபடும் என்ற இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டால் பல விஷயங்கள் விளங்கும்: கிறிலில் பட்டைக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கு, ஆணித்தலையின் அடிப்பக்கம், அழுக்குத் தேங்கிய யன்னல் தண்டவாளம் எல்லாம் ஏன் முதலில் போகின்றன என்பது உட்பட.

துரு ஏன் ஒரு கவசமாகி மேற்கொண்டு அரிப்பதைத் தடுப்பதில்லை? அது இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். இடம் போதாமல் வெடித்து உதிரும், இடையில் தண்ணீரையும் பஞ்சுபோலப் பிடித்து வைக்கும். அலுமினியம் தொடரில் இரும்புக்கு மேலே இருந்தும் தப்பிப்பது, அதன் ஒட்சைட்டு சில நனோமீற்றர் தடிப்பில் இறுக ஒட்டிக்கொள்வதால். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பிக்கும் இப்படியொரு படை உண்டு. சீமெந்தின் காரத்தன்மை, பி.எச். பெறுமானம் 12.5க்கு மேல், அதைக் காக்கிறது. குளோரைட்டு அயன் அந்தப் படையைத் துளைக்கும். அதனால்தான் கட்டடத்துக்கு எடுக்கும் கடல் மணலை நன்னீரில் கழுவியே ஆக வேண்டும். பிளாற்றின் அடியில் கம்பியின் வழியே நீளமாக வெடிப்பு ஓடினால், மேல்பூச்சுப் பூசி மறைப்பதில் பயனில்லை. உள்ளே வீங்கும் துரு அந்தப் பூச்சையும் தள்ளிவிடும்.

கூரைத் தகரம் என்று நாம் சொல்வது இரும்புத் தகடு, மேலே நாகப்பூச்சு. ரின்மீன் வரும் பேணி, இரும்பின் மேல் வெள்ளீயம் பூசியது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் கீறல் விழுந்தால் குணம் தெரியும். நாகம் தொடரில் இரும்புக்கு மேலே, எனவே கீறலில் தெரியும் இரும்புக்காக நாகம் தன் இலத்திரனைக் கொடுத்துத் தான் கரையும். வெள்ளீயம் இரும்புக்குக் கீழே. கீறல் விழுந்த பேணியில் இரும்புதான் கொடுக்கவேண்டியவர், வெள்ளீயம் பக்கத்தில் நின்று தாக்கத்தை ஊக்கிவிடும். நசுங்கிய பேணி ஓர் இரவில் பழுப்பாவதற்கு இதுதான் விளக்கம்.

நாகம் எவ்வளவு காலம் வரும் என்பது எளிய கணக்கு. தகட்டில் சதுர மீற்றருக்கு 275 கிராம் நாகம் என்று குறித்திருந்தால் அது இருபக்கமும் சேர்த்து, அதாவது ஒரு பக்கத்துக்குச் சுமார் 19 மைக்குரோமீற்றர். உப்புக்காற்றுள்ள இடங்களில் நாகம் ஆண்டுக்கு 2 முதல் 4 மைக்குரோமீற்றர்வரை கரையும், அலைத்திவலை நேரே படும் இடத்தில் 8 வரை போகும். 4 என்று வைத்தால் ஐந்து ஆண்டுக்குள் பூச்சு முடிந்தது. 450 பாகை செல்சியசு உருகிய நாகத்தில் முக்கியெடுத்த தடித்த உருக்குச் சட்டத்தில் பூச்சு 85 மைக்குரோமீற்றர். அதே கணக்கில் இருபது ஆண்டு. புறக்கோட்டையில் விலை விசாரிக்கும்போது மினுக்கத்தைப் பார்க்காமல் பூச்சின் அளவைக் கேட்பது நல்லது.

இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் தொடரில் மேலே உள்ளவர்தான் கடன்காரர். கடலோர வீடுகளில் ஏசியின் வெளிப்பெட்டியைத் திறந்து பாருங்கள். செம்புக் குழாய் பளபளவென்று இருக்கும், அதைச் சுற்றிய அலுமினியச் செதில்கள் வெள்ளைத் தூளாக உதிர்ந்திருக்கும். பரப்பளவு விகிதமும் முக்கியம்: பெரிய செம்புத் தகட்டில் சிறிய இரும்பாணி அடித்தால் முழுத் தகட்டின் கடனையும் அந்த ஆணிதான் அடைக்க வேண்டும், மாதக் கணக்கில் காணாமல் போகும். பெரிய இரும்பில் சிறிய செம்பாணி அவ்வளவு கேடில்லை.

ஆங்கில இரசாயனவியலாளர் ஹம்பிரி டேவி 1824இல் இந்தத் தத்துவத்தைப் பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களில் பிரயோகித்தார். அடிப்பகுதியில் வேய்ந்த செம்புத் தகடுகளோடு இரும்பு, நாகத் துண்டுகளைப் பொருத்தியதும் செம்பு கரைவது நின்றது. ஆனால் சிப்பிகளையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது கரைந்துவந்த அந்தச் செம்புதான். கப்பல்கள் பாசி பிடித்து மந்தமாகின, திட்டம் கைவிடப்பட்டது. இரசாயனம் சரியாக இருந்தும் விளைவு கவிழ்ந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் இரும்பு உடலில் சுக்கான் அருகே நாக, அலுமினியக் கட்டிகள் பொருத்தியிருப்பது டேவியின் அதே வழிதான்.

கிறிலுக்குத் திரும்பினால், பெயின்ற் ஏன் ஒரு மழைக்காலத்தில் பொருமுகிறது என்பதற்குப் பெயின்றின் தரத்தைவிட அடியில் மிஞ்சிய உப்பே அதிகம் காரணம். பெயின்ற் படலம் நீராவியை மெல்ல உள்ளே விடும். உள்ளேயுள்ள உப்பு அதை இழுத்துத் துளியாக்கிக் கொப்புளம் எழுப்பும். குளோரைட்டு செலவாவதுமில்லை, இரும்போடு சேர்ந்து, பிரிந்து, மறுபடி அதே வேலையைச் செய்யும். எனவே முதலில் கம்பித் தூரிகையால் உதிரும் துருவை எடுக்க வேண்டும். பிறகு நன்னீரால் இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். பெரும்பாலும் தவறவிடப்படுவது இந்தப் படிதான். மீந்த துருவுக்குப் புளியோ வினாகிரியோ பூசலாம், ஆனால் அமிலத்தை அப்பச்சோடாக் கரைசலால் கழுவி உடனே உலர்த்தாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் புதுத்துரு படியும். வெளுக்கும் திரவத்தை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள். அமிலத்தோடு கலந்தால் குளோரீன் வாயு வெளியேறும். காய்ந்த அன்றே, ஈரக்காற்று ஏறும் மாலைக்கு முன், நாகம் கலந்த பிறைமர். விளிம்புகளுக்கும் ஒட்டுகளுக்கும் தூரிகையால் ஒரு தடவை கூடுதலாக. பிறகு மேல்பூச்சு இரண்டு.

துருப்பிடிக்காத உருக்கு என்று வாங்கிய மாடிக் கைப்பிடிகூடக் கடலோரத்தில் தேநீர்க் கறைபோலப் பழுப்பாகும். 304 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். குரோமியத்தின் ஒட்சைட்டுப் படைதான் காப்பு, அதையும் குளோரைட்டு துளைக்கும். 2 சதவீதத்துக்கு மேல் மொலிப்டினம் சேர்ந்த 316 வகை இதை நன்றாகத் தாங்கும், விலையும் கூட. எதுவானாலும் மாதத்துக்கு ஒருமுறை நன்னீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கைப்பிடியின் மேற்பக்கத்தை மழை அவ்வப்போது கழுவிவிடுகிறது. உப்பு சேர்ந்துகொண்டே போவது மழை எட்டாத அடிப்பக்கத்தில். துணி முதலில் போகவேண்டியது அங்கேதான்.