தட்டு அச்சாகும் முன் பேஸை மோனோவில் கேளுங்கள்

தெற்கு லண்டனில் மாஸ்டரிங் வேலை செய்கிறேன், அதாவது வெளியீட்டுக்கு முன் பாட்டின் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்யும் வேலை. என்னிடம் வருவது பெரும்பாலும் சிறு லேபிள்களின், அதாவது இசை வெளியிடும் சிறு நிறுவனங்களின், பேஸ், ஹவுஸ் நடன இசைதான். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 300 இசைத்தட்டுகள் அச்சடிக்கும் லேபிள்கள். போன மாதம் அப்படி ஒரு லேபிளின் புதிய 12 அங்குலத் தட்டு, சோதனைப் பிரதியாக வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இரண்டாம் பக்கத்தில் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இறங்கும்போதெல்லாம் ஊசி துள்ளியது. அச்சுக்கு மூலமாகத் தடம் வெட்டும் லாக்கர் தகட்டை வெட்டியது வேறு இடத்தில். காரணம் கேட்டு என்னிடம் வந்தார்கள்.

ட்ராக்கைத் திறந்து, இடது வலது ஒலிகளை ஒன்றாகக் கூட்டும் மோனோ பொத்தானை அழுத்தினேன். பேஸ் கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது. சப் பேஸின், அதாவது மிகத் தாழ்ந்த பேஸின் மேல், ஒலியை அகலமாக்கும் பிளகின் என்ற மென்பொருள் ஒன்றைப் போட்டிருந்தார்கள். ஹெட்ஃபோனில் அது தலையைச் சுற்றி நிறைந்து கேட்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையில் இடது பக்கம் முன்னே தள்ளும்போது வலது பக்கம் பின்னே இழுத்துக்கொண்டிருந்தது.

தட்டில் இது ஏன் ஆபத்து? இடது, வலது இரண்டுக்கும் பொதுவான ஒலி ஊசியைப் பக்கவாட்டில் அசைக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேலும் கீழும் அசைக்கிறது. பேஸின் அசைவோ பெரியது. அது மேலும் கீழுமாகப் போனால், வெட்டும் ஊசி சில இடங்களில் லாக்கரை விட்டே எழும்பப் பார்க்கும். அங்கே தடம் ஆழமில்லாமல் போகிறது, கேட்பவர் வீட்டு ஊசிக்குப் பிடிப்பு கிடைப்பதில்லை. வெட்டுபவரே கீழ் ஒலிகளை மோனோவாக்கித் தரலாமே என்று கேட்கலாம். தரலாம். ஆனால் எதிரெதிராக நிற்கும் இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸில்தான் சரிசெய்ய வேண்டும்.

தட்டே வேண்டாம், டிஜிட்டலில் மட்டும் வெளியிடுகிறோம் என்றாலும் தப்பிக்க முடியாது. பல கிளப்களில் சப் ஸ்பீக்கர்கள் மோனோவில்தான் ஓடுகின்றன.

அறையும் ஏமாற்றும். சுவருக்குச் சுவர் 3.4 மீட்டர் உள்ள படுக்கையறையில், 50 ஹெர்ட்ஸ் ஒலி நட்டநடுவில் வலுவிழந்துவிடும். ஹவுஸ் இசையின் கிக் டிரம் அடியின் அடிவயிறு ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திக் கேட்டாலே வித்தியாசம் தெரியும்.

இந்த ஊரில் இதற்கு நல்ல வழக்கம் ஒன்று இருந்தது. 2000களின் தொடக்கத்தில் க்ராய்டனில் டப்ஸ்டெப் என்ற பேஸ் மிகுந்த நடன இசை உருவாகி வளர்ந்தபோது, புது ட்ராக்கை முதலில் டப்பிளேட் எனும் ஒரே ஒரு சோதனைத் தட்டாக வெட்டி, பிளாஸ்டிக் பீப்பிள் கிளப்பிலோ பிரிக்ஸ்டனில் நடந்த டிஎம்இசட் என்ற டப்ஸ்டெப் இரவுகளிலோ போட்டுக் கேட்பார்கள். ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம்களிலிருந்து வந்த பழக்கம் அது. பேஸ் எங்கே குழைகிறது என்று பெரிய ஸ்பீக்கர் முன்னால் நின்று உடம்பால் தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய்த் திருத்துவார்கள். அச்சு அதற்கு அப்புறம்தான். இன்று நேராக அச்சுக்கு அனுப்புகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். லாக்கரும் மலிவில்லை: 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்த பிறகு, உலகமே பெரும்பாலும் ஜப்பானில் உள்ள ஒரே தயாரிப்பாளரை நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

அதனால் அனுப்பும் முன் ட்ராக் முழுவதையும் மோனோவில் ஒருமுறை கேளுங்கள். சப் நடுவிலேயே இருக்கட்டும், அகலம் வேண்டுமானால் மேல் ஒலிகளில் கொடுங்கள். ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டர் போடாத 24 பிட் வேவ் கோப்பாக அனுப்புங்கள். சத்தத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நிமிடத்துக்கு 45 சுற்றில் வெட்டுவதென்றால், ஒரு பக்கம் 12 நிமிடத்தைத் தாண்டும்போது பேஸையோ மொத்த ஒலியளவையோ குறைக்க வேண்டிவரும். தெரிந்த கிளப் ஏதாவது இருந்தால், மதியம் ஆளில்லாத நேரத்தில் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

அந்த லேபிள் பிளகினைக் கழற்றிவிட்டுப் புது மிக்ஸ் அனுப்பியது. மோனோவில் கேட்டேன், பேஸ் அசையாமல் நிற்கிறது. இரண்டாவது லாக்கர் போன வாரம் வெட்டியாயிற்று. சோதனைப் பிரதிக்காக அவர்களோடு நானும் காத்திருக்கிறேன்.