சிப்பிக்குள் ஈர்க்கு நுழைவது போலத்தான்

என் அக்காவின் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கொக்ளியர் இம்பிளான்ட் என்ற, உட்காதுக்குள் பொருத்தும் கேட்கும் கருவியை வைத்த பிறகு, வெள்ளவத்தைக் கடற்கரையில் நிற்கும்போது ரயில் சத்தத்துக்கு என்னை முந்திக்கொண்டு அவள்தான் திரும்புவாள். பார்க்கிறவர்கள் "காதுக்குள்ளே சின்ன ஸ்பீக்கரா?" என்று கேட்கிறார்கள். ஸ்பீக்கர் இல்லை, மின்வாய்: நரம்பை மின்சாரத்தால் தட்டும் சின்ன உலோகத் துண்டு.

உட்காதில் கொக்ளியா என்ற குழாய் நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்டு கிடக்கிறது, நீட்டினால் சுமார் 35 மில்லிமீற்றர் வரும். அதன் வாசலில் கீச்சென்ற ஒலி, உச்சியில் கனத்த ஒலி என்று ஆர்மோனியக் கட்டைகள் போல இடம் பிரிந்திருக்கும். அங்கே ஒலியை உணர்ந்து நரம்புக்குக் கொடுக்கும் மயிர்க்கலங்கள் அழிந்துவிட்டால் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் பயன் குறைவு, ஆனால் பின்னால் இருக்கும் நரம்பு பெரும்பாலும் உயிரோடு இருக்கும். அதை எந்த இடத்தில் மின்சாரத்தால் தட்டுகிறோமோ அந்த இடத்துச் சுருதி கேட்கும்.

சரி, அந்தச் சுருளுக்குள் மின்வாய்க் கம்பியை எப்படி விடுவது? அவுஸ்திரேலியப் பேராசிரியர் கிரேம் கிளார்க்குக்கு 1977இல் ஒரு கடற்கரையில்தான் விடை கிடைத்தது. சிப்பி ஒன்றுக்குள் புல்லைச் செருகிப் பார்த்தார்; நுனி மெல்லியதாகவும் அடி விறைப்பாகவும் இருந்த புல் வளைந்து வளைந்து உள்ளே போனது. அடுத்த வருடமே முதல் சத்திரசிகிச்சை. நானும் மருமகளும் தென்னை ஈர்க்கை வைத்துச் செய்து பார்த்தோம்: அடிப்பக்கம் முதல் வளைவிலேயே முட்டி நின்றது, நுனிப்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது.

இன்றும் அதே கணக்குத்தான். மெல்லிய சிலிக்கோன் இழையில் பிளாட்டினத் துண்டுகள்தான் மின்வாய்கள், கம்பனியைப் பொறுத்து 12, 16 அல்லது 22. எண்ணிக்கை கூடினால் நன்றாகக் கேட்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கொக்ளியாவுக்குள் இருப்பது உப்புத் திரவம், மின்சாரம் அதில் பரவிப் பக்கத்து இடத்தையும் சேர்த்துத் தட்டிவிடும், அதனால் பலருக்கும் ஏறத்தாழ எட்டுத்தான் தனித்தனியாகப் பிரிந்து உதவுகின்றன. எல்லா மின்வாய்களையும் ஒரே நேரத்தில் இயக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிக்கவிடும் முறையை அமெரிக்க ஆய்வாளர் பிளேக் வில்சன் குழுவினர் 1991இல் வெளியிட்ட பிறகுதான் பேச்சு தெளிந்தது.

நரம்பை ஒட்டிச் சுருண்டு நிற்கும் இழைகளும் இருக்கின்றன. அவற்றில் மின்சாரம் குறைவாகப் பரவும். வெளிச்சுவரோரம் போகும் நேரான மென்மையான இழை உள்ளே காயம் குறைவாகச் செய்யும். கொஞ்சமாவது இயற்கையான கேட்கும் திறன் மிஞ்சியிருக்கிற பிள்ளைக்கு மென்மையானதையே நான் விரும்புவேன், கொக்ளியாவுக்குள் கிழிந்த சவ்வு திரும்ப வராது.

பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில் மேளம் தொடங்கியதும் மருமகளின் விரல் தாளம் போடும். நாதஸ்வரம் ஏறி இறங்கும்போது மட்டும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், பக்கத்துப் பக்கத்துச் சுருதிகள் அந்த உப்புத் தண்ணீரில் ஒன்றாகக் கலந்துபோகின்றன.