பேட்ச்: தொகுதி

திருகோணமலையில் மருந்துக்கடையில் வாங்கும் பரசிட்டமோல் அட்டையில், காலாவதித் திகதிக்குப் பக்கத்தில் இருக்கும் இலக்கம்தான் பேட்ச் இலக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்து மாணவர் ‘எங்கட பேட்ச்’ என்பது ஒரே ஆண்டில் சேர்ந்தவர்களை. அதற்கு ‘அணி’ போதும். மருந்துத் தயாரிப்பில் பொருள் இறுக்கமானது.

சுடுதலைக் குறித்த பழைய ஆங்கில வினையில் பிறந்த சொல் இது. போறணையில் ஒரே தடவையில் வெந்து இறங்கிய பாண் அத்தனையும் ஒரு பேட்ச். மருந்துத் தர வழிகாட்டிகளின் வரையறை வேறு: ஒரு செய்முறையிலோ தொடர் செய்முறைகளிலோ உருவாகி, குறித்த எல்லைக்குள் சீராக இருக்கும் என எதிர்பார்க்கப்படும் அளவு. எத்தனை தடவை இயந்திரத்தில் இட்டோம் என்பது கணக்கல்ல. மருந்துத் தூளை ஈரமாக்கிப் பிசைந்து இரண்டு தடவையாகக் குருணையாக்கியதை ஒன்றாகச் சேர்த்துக் கலந்தால் அது ஒரே பேட்ச் ஆகலாம். பதிவு சறுக்குவது இங்கேதான். இறுதி இலக்கத்தை மட்டும் எழுதினால், பிறகு குளிசை கரையத் தாமதிக்கும்போது எந்தக் குருணை காரணம் என்று தேட வழியில்லை. ஒவ்வொன்றுக்கும் உப இலக்கம் வேண்டும்.

செய்முறையை உருவாக்கும் கட்டத்தில் இலக்கத்தோடு இயந்திரத்தின் அளவு, வேகம் போன்ற சூழலும் பதிவாக வேண்டும். குருணையாக்கும் கலனில் 0.3 மீற்றர் விட்டமுள்ள கலக்கும் அலகு (பிளேட்) நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுழன்றால், அதன் நுனி செக்கனுக்கு ஏறத்தாழ 4.7 மீற்றர் ஓடும். 0.9 மீற்றர் அலகையும் அதே 300 சுற்றில் ஓட்டினால் நுனிவேகம் 14.1. குருணை அளவுமீறி இறுகலாம். பழைய நுனிவேகத்துக்கு 100 சுற்றே போதும். நீரின் அளவையும் பிசையும் நேரத்தையும் தனியே சரிபார்க்க வேண்டும். விட்டத்தைச் சொல்லாத ‘300’ பெரிய கலனுக்கு உதவாது. பிழையாகிப்போன பேட்ச்சின் இலக்கத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கக்கூடாது, பதிவை அழிக்கவும் கூடாது. செய்முறையின் எல்லை எங்கே என்று காட்டுவது அதுதான்.

தமிழில் என்ன சொல்வது? ஒரு தடவை அவித்த இட்லியைக் குறிக்கும் ‘ஈடு’ ஆங்கிலச் சொல்லின் மூல அர்த்தத்துக்கு மிக நெருக்கம், அழகான சொல்லும்கூட. ஆனால் இங்கே ஈடு என்றால் நகையோ காணியோ அடகு. ‘தொகு’ என்ற வினையில் வந்த ‘தொகுதி’யே பொருந்தும். சிக்கல் என்னவென்றால், சமிபாட்டுத் தொகுதி, தேர்தல் தொகுதி என்று அச்சொல் நம்மிடம் பல வேலை பார்க்கிறது. ‘சிஸ்டம்’ என்பதற்கும் அதையே எழுதுகிறோம். ‘தொகுதித் தரவைத் தொகுதியில் பதிக’ என்ற அறிவுறுத்தல் ஆய்வுகூடத்தில் குழப்பத்தையே தரும். சிஸ்டத்துக்கு ‘முறைமை’ என்று ஒதுக்கிவிட்டு, ‘தொகுதித் தரவை முறைமையில் பதிக’ என எழுதலாம்.